எல்எம்1875 ஐசியில் வீட்டு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர்: முதல் கம்பியிலிருந்து முதல் பாட்டு வரை

கல்லூரி நாட்களில் நான் செய்த முதல் ஆம்ப்ளிஃபையர் பாடியது. ஆனால் பாட்டுக்குப் பின்னால் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் எந்நேரமும் கூடவே இருந்தது. ஐசியை மாற்றினேன், கெப்பாசிட்டரைப் பெரிதாக்கினேன், இன்புட் கம்பியைச் சுருக்கினேன். இரண்டு வாரம் ஓடியது. கடைசியில் ஒரே ஒரு கிரவுண்ட் கம்பியைக் கழற்றி இரண்டு அங்குலம் தள்ளி சால்டர் செய்தேன். இரைச்சல் அந்த நொடியே நின்றது. அன்றிலிருந்து யார் வந்து ஆம்ப் செய்யக் கேட்டாலும், எந்த ஐசி என்பதைப் பற்றி ஐந்து நிமிடமும், கிரவுண்ட் கம்பி பற்றி ஒரு மணி நேரமும் பேசுகிறேன். இந்த வழிகாட்டியும் அந்த விகிதத்தில்தான் இருக்கும்.

இதற்கு முன்பு ஒரு சிறிய மின்சுற்றையாவது சால்டர் செய்து பார்த்தவருக்கு, மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவருக்கு இது எழுதப்பட்டது. வீட்டு மின்சாரமான 230 வோல்ட்டைத் தொட்டு வேலை செய்ய வேண்டியிருக்கும். அதில் பழக்கமில்லை என்றால் அந்தப் பகுதியை மட்டும் ஓர் எலக்ட்ரீசியனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

எத்தனை வாட் வேண்டும்?

கடைகளில் பெட்டியின் மேல் 1000 வாட், 5000 வாட் என்று அச்சடித்து விற்பதைப் பார்த்துப் பழகியவருக்கு, நாம் செய்யப்போகும் ஆம்ப் சேனலுக்கு (இடது, வலது என்ற ஒவ்வொரு பக்கத்துக்கும்) 18 வாட் என்றால் ஏமாற்றமாக இருக்கும். கணக்கைப் பாருங்கள். வீட்டில் வைக்கும் சாதாரண ஸ்பீக்கர் ஒன்று, 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் ஒலி தரும் என்று வைத்துக்கொள்வோம். 16 வாட் கொடுத்தால் அது 12 டெசிபல் கூடி 100 ஆகிறது. 100 டெசிபல் என்பது ஒரு சின்ன அறையில் எதிரே நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டிய அளவு. நாம் ராத்திரி கேட்கும் பாட்டு பெரும்பாலும் 1 வாட்டுக்குள் முடிந்துவிடும். மேலே இருப்பதெல்லாம் மிருதங்கத்தின் ஓர் அடி, தவிலின் ஒரு வீச்சு போன்ற திடீர் உச்சங்களுக்கான இடம். அந்த இடம் இருக்க வேண்டும், ஆனால் கல்யாண மண்டபத்துக்கு வேண்டிய அளவு இருக்கத் தேவையில்லை.

ஏன் இந்த ஐசி?

டிரான்சிஸ்டர்களை வைத்து முழுச் சுற்றையும் கட்டுவது இனிமையான வேலை. ஆனால் முதல் ஆம்ப்பில் அது வேண்டாம். பயாஸ் (பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓட வேண்டிய சிறு மின்னோட்டம்) சரிசெய்வது, சூட்டுக்கு ஏற்ப மின்னோட்டம் ஏறாமல் பார்த்துக்கொள்வது என்று ஒரே நேரத்தில் பல சிக்கல்கள் வரும். எல்எம்1875 ஒரு பெரிய ஆப்-ஆம்ப் (இரண்டு இன்புட், ஓர் அவுட்புட் கொண்ட பெருக்கி ஐசி) போன்றது. ஐந்தே கால்கள். 16 முதல் 60 வோல்ட் வரை மொத்த சப்ளையில் ஓடும். 1 கிலோஹெர்ட்ஸில், 20 வாட்டில், அதன் டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) 0.015 சதவீதம் என்று டேட்டாஷீட் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) சொல்கிறது. வீட்டில் கேட்கும் காதுக்கு இது தாராளம். அவுட்புட் கம்பி கிரவுண்டில் பட்டாலும், அளவுக்கு மீறிச் சூடானாலும், தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும். உள்ளே இருக்கும் சில்லு 170 டிகிரியைத் தொட்டால் நின்றுவிடும், 145 டிகிரி அளவுக்கு ஆறியதும் மறுபடி ஓடத் தொடங்கும். கற்றுக்கொள்பவரின் கைக்கு இவ்வளவு பொறுமை காட்டும் ஐசி குறைவு.

எழுத்து உங்களைப் பார்க்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாகக் கால்கள்: 1 பிளஸ் இன்புட், 2 மைனஸ் இன்புட், 3 மைனஸ் சப்ளை, 4 அவுட்புட், 5 பிளஸ் சப்ளை. டிடிஏ2030, டிடிஏ2050 ஆகிய வேறு ஆம்ப் ஐசிகளுக்கும் இதே வரிசைதான். அதனால் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைப் போட ஆசை வரும். டிடிஏ2030-ன் எல்லை பிளஸ் மைனஸ் 18 வோல்ட். நாம் கொடுக்கப் போவது அதைவிட அதிகம், எனவே அதை இங்கே போடாதீர்கள். இதனாலேயே, விலை குறைந்த ஐசியின் எழுத்தை அழித்து வேறு எண் அடித்த போலிகளும் ஆபத்து. நான் ஒருமுறை ஒரு கடையில் பாதி விலைக்கு வாங்கிய இரண்டும், சப்ளை கொடுத்த ஒரு நிமிடத்தில் வெடித்தன. நம்பகமான விநியோகஸ்தரிடம் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதுதான் கடைசியில் மலிவு.

டிரான்ஸ்பார்மர்: 18-0-18 வேண்டாம், 15-0-15 எடுங்கள்

இணையத்தில் உள்ள பெரும்பாலான வரைபடங்கள் இந்த ஐசிக்கு 18-0-18 (நடுக் கம்பியிலிருந்து இரு பக்கமும் 18 வோல்ட் ஏசி) சொல்கின்றன. அது தவறில்லை, ஆனால் நம் ஊர் நிலைமைக்கு நெருக்கடியானது. 18 வோல்ட் ஏசியை டிசி ஆக்கினால் 1.41 மடங்கு, அதாவது ஏறத்தாழ 25 வோல்ட் வரும். லோடு இல்லாதபோது டிரான்ஸ்பார்மர் பத்து சதவீதம் வரை கூடுதலாகக் கொடுக்கும், 27 ஆகிவிடும். ராத்திரி நேரத்தில் வீட்டு மின்சாரம் 250 வோல்ட்டுக்கு ஏறினால் 29-ஐத் தாண்டும். இரண்டு பக்கமும் சேர்த்தால் 60-ஐத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஐசியின் எல்லையும் அதேதான்.

15-0-15 எடுத்தால் லோடு இல்லாதபோது பிளஸ் 22, மைனஸ் 22 அளவில் இருக்கும். பாடும்போது 20-க்கு இறங்கும். ஐசிக்குள் 3 வோல்ட் போனால் மீதி 17 வோல்ட் உச்சம். 8 ஓம் ஸ்பீக்கரில் அது 18 வாட். 18-0-18-ல் கிடைப்பதைவிட ஒரு சில டெசிபல்தான் குறைவு, காதுக்குப் பெரிதாகத் தெரியாது. சூடு மட்டும் நன்றாகவே குறையும்.

ஸ்டீரியோவுக்கு 15-0-15, 3 ஆம்பியர் போதும். வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். ஒரே அளவு, ஒரே எண் போட்ட இரண்டில் ஒன்று மிகவும் இலேசாக இருந்தால் அதில் செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பி சுற்றியிருக்கலாம். சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ கேட்டு, செம்புச் சுற்று என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். பட்ஜெட் இருந்தால் வளைய வடிவ டொராய்டல் எடுக்கலாம். அதன் காந்தப்புலம் வெளியே கசிவது குறைவு.

வாங்க வேண்டியவை

ஒரு சேனலுக்கு என்று சொல்வதை எல்லாம் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

சேனலுக்கு: எல்எம்1875 ஒன்று. ரெசிஸ்டர்கள்: 22 கிலோ ஓம் இரண்டு, 1 கிலோ ஓம் இரண்டு, 1 ஓம் 1 வாட் ஒன்று. மெட்டல் பிலிம் வகையே எடுங்கள். கெப்பாசிட்டர்கள்: 2.2 மைக்ரோபாரட் பிலிம் ஒன்று, 47 மைக்ரோபாரட் எலக்ட்ரோலைட்டிக் ஒன்று, 220 பைக்கோபாரட் ஒன்று, 0.22 மைக்ரோபாரட் 100 வோல்ட் பிலிம் ஒன்று, 0.1 மைக்ரோபாரட் இரண்டு, 100 மைக்ரோபாரட் 50 வோல்ட் இரண்டு. ஹீட் சிங்க் (ஐசியின் சூட்டை வெளியேற்றும் அலுமினியத் துண்டு, அளவு 'சூடு' பகுதியில்), அதற்கான பேஸ்ட், மைக்கா ஷீட், பிளாஸ்டிக் புஷ்.

சப்ளைக்கு: 10 ஆம்பியர் பிரிட்ஜ் ரெக்டிஃபையர், 4700 மைக்ரோபாரட் 50 வோல்ட் கெப்பாசிட்டர் இரண்டு, 2.2 கிலோ ஓம் 1 வாட் ரெசிஸ்டர் இரண்டு, ஃபியூஸ் ஹோல்டர், 1 ஆம்பியர் ஸ்லோ ஃபியூஸ், மூன்று பின் பிளக்குடன் கம்பி, சுவிட்ச்.

வெளியே: 10 கிலோ ஓம் இரட்டை வால்யூம் கன்ட்ரோல். அதன் மேல் 'ஏ' என்ற எழுத்து இருந்தால் பொதுவாக லாகரிதம் வகை, 'பி' என்றால் நேர்கோட்டு வகை. வால்யூமுக்கு 'ஏ' வேண்டும். 'பி' போட்டால் கால் சுற்றிலேயே சத்தம் முழுவதும் வந்துவிட்டு, மீதி முக்கால் சுற்றில் ஒன்றும் நடக்காது. அப்புறம் ஆர்சிஏ சாக்கெட், ஸ்பீக்கர் டெர்மினல், உலோகப் பெட்டி.

முதலில் சப்ளையை மட்டும் கட்டுங்கள்

மூன்று பின் கம்பியில் பச்சை எர்த் கம்பியைப் பெட்டியின் உலோகத்தில், பெயின்டைச் சுரண்டிவிட்டு, பல் வைத்த வாஷருடன் இறுக்கமாக போல்ட் செய்யுங்கள். இந்த போல்ட்டில் வேறு எதையும் மாட்டாதீர்கள். பேஸ் கம்பி (மின்சாரம் வரும் கம்பி) முதலில் ஃபியூஸுக்கு, அங்கிருந்து சுவிட்சுக்கு, அங்கிருந்து டிரான்ஸ்பார்மருக்கு. நியூட்ரல் நேராக டிரான்ஸ்பார்மருக்கு. ஒவ்வொரு சால்டர் இணைப்பின் மேலும் சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள். பெட்டியைத் திறந்து வைத்து வேலை செய்யும்போது உங்கள் விரல் தவறிக்கூட 230 வோல்ட்டைத் தொட முடியாதபடி இருக்க வேண்டும்.

டிரான்ஸ்பார்மரின் இரண்டு 15 வோல்ட் முனைகளும் பிரிட்ஜின் ஏசி கால்களுக்கு. பிரிட்ஜின் பிளஸ், முதல் 4700-ன் பிளஸுக்கு. பிரிட்ஜின் மைனஸ், இரண்டாவது 4700-ன் மைனஸுக்கு. முதல் கெப்பாசிட்டரின் மைனஸும் இரண்டாவதன் பிளஸும் ஒன்றாகச் சேரும் இடத்தில், டிரான்ஸ்பார்மரின் நடுக் கம்பி வந்து சேர வேண்டும். கெப்பாசிட்டர் திசை மாறினால் அது வெடிக்கும், எனவே சால்டர் செய்யும் முன் இரண்டு முறை பாருங்கள். ஒவ்வொரு கெப்பாசிட்டரின் குறுக்கிலும் ஒரு 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர். சுவிட்சை அணைத்த அரை நிமிடத்தில் அதுவே கெப்பாசிட்டரைக் காலி செய்துவிடும். இது இல்லாவிட்டால், அணைத்துவிட்டோம் என்று நம்பிக் கை வைக்கும்போது ஐசி போகும்.

இப்போது ஒரு சீரிஸ் பல்பு செய்யுங்கள். பலகையில் ஒரு ஹோல்டர், ஒரு பிளக் பாயின்ட். பேஸ் கம்பி 60 வாட் குண்டு பல்பின் வழியாகப் போய்த்தான் பிளக் பாயின்டை அடைய வேண்டும். எல்இடி பல்பு இதற்கு உதவாது, இழை உள்ள பழைய பல்பே வேண்டும். எங்கோ ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், ஆம்ப் பிழைத்துக்கொள்ளும். நூறு ரூபாய்க்குள் முடியும் இந்தப் பலகை என் மேஜையில் இருக்கும் எந்தக் கருவியையும்விட அதிக ஐசிகளைக் காப்பாற்றியிருக்கிறது.

சப்ளையை சீரிஸ் பல்பில் மாட்டி ஆன் செய்தால், பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கிவிட வேண்டும். கெப்பாசிட்டர்கள் நிரம்பும் நேரம் அது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணைத்து, பிரிட்ஜின் கால்களையும் கெப்பாசிட்டர் திசையையும் பாருங்கள். மங்கினால் நடுப் புள்ளியிலிருந்து இரு பக்கமும் அளங்கள். பிளஸ் 21 முதல் 23 வரை, மைனஸ் பக்கமும் ஏறத்தாழ அதே அளவு. ஒரு பக்கம் மட்டும் மிகக் குறைவாக இருந்தால் நடுக் கம்பி தவறான இடத்தில் இருக்கிறது. இதைத் தீர்க்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

சேனல் போர்டு

டாட் போர்டே போதும். ஐசியின் ஐந்து கால்களும் போர்டின் துளை இடைவெளியோடு சரியாகப் பொருந்தாது. மூக்குப் பிளையரால் கால்களை மெதுவாக விரித்து நுழைத்துவிடுங்கள். ஐசியைப் போர்டின் விளிம்பில் வையுங்கள், அப்போதுதான் ஹீட் சிங்கில் மாட்ட முடியும்.

இன்புட் பக்கம்: வால்யூம் கன்ட்ரோலின் நடுக்கால் 2.2 மைக்ரோபாரட்டுக்கு. அதன் மறுமுனையிலிருந்து 22 கிலோ ஓம் ஒன்று கிரவுண்டுக்கு. அதே இடத்திலிருந்து 1 கிலோ ஓம் வழியாக 1-ஆம் காலுக்கு. 1-ஆம் காலிலிருந்து 220 பைக்கோபாரட் கிரவுண்டுக்கு. இந்தக் குட்டிக் கெப்பாசிட்டர்தான், பக்கத்தில் செல்போன் மணி அடிக்கும் முன் வரும் 'டிக் டிக்' சத்தம் போன்றவற்றைத் தடுக்கிறது.

ஃபீட்பேக் பக்கம்: 4-ஆம் காலிலிருந்து 22 கிலோ ஓம் 2-ஆம் காலுக்கு. 2-ஆம் காலிலிருந்து 1 கிலோ ஓம், அதன் பின்னால் 47 மைக்ரோபாரட், பின் கிரவுண்ட். மொத்தப் பெருக்கம் 23 மடங்கு. முழு 18 வாட்டுக்கு ஸ்பீக்கரில் 12 வோல்ட் வேண்டும், அதை 23-ஆல் வகுத்தால் அரை வோல்ட் சொச்சம். அந்த அளவு செல்போனின் ஹெட்ஃபோன் சாக்கெட்டிலோ புளூடூத் போர்டிலோ கிடைத்துவிடும். எனவே தனியாக ப்ரீ-ஆம்ப் (சிக்னலை முன்கூட்டியே பெருக்கும் சுற்று) தேவையில்லை. பெருக்கத்தை 10-க்குக் கீழே கொண்டுவராதீர்கள். இந்த ஐசி 10 மடங்குக்கு மேல்தான் நிலையாக நிற்கும்.

1-ஆம் கால் கிட்டத்தட்ட 22 கிலோ ஓமைப் பார்க்கிறது, 2-ஆம் காலும் அதையே பார்க்கிறது. இரண்டும் சமமாக இருந்தால் அவுட்புட்டில் டிசி மிகக் குறைவாக நிற்கும். அதனால்தான் 22 கிலோ ஓமை இரண்டு இடத்திலும் போட்டோம்.

அவுட்புட் பக்கம்: 4-ஆம் காலிலிருந்து 1 ஓம், அதன் பின்னால் 0.22 மைக்ரோபாரட், பின் கிரவுண்ட். ஸ்பீக்கரின் சுருளும் நீண்ட கம்பியும் உயர் அதிர்வெண்களில் ஐசியைத் தடுமாற வைக்கும். அந்தத் தடுமாற்றத்தை இந்த இரண்டும் உறிஞ்சிக்கொள்ளும். 'பாட்டு வருகிறதே, இது எதற்கு' என்று விட்டுவிடாதீர்கள்.

சப்ளைக் கால்கள்: 0.1 மைக்ரோபாரட் ஒன்று 5-ஆம் காலிலும் ஒன்று 3-ஆம் காலிலும். கால்களோடு ஒட்டியபடி, ஒரு சென்டிமீட்டருக்குள். பக்கத்திலேயே 100 மைக்ரோபாரட்கள். தூரத்தில் இருக்கும் 4700-ஐ நம்பி இவற்றை விட்டுவிட்டால், ஐசி உள்ளுக்குள் பல லட்சம் ஹெர்ட்ஸில் ஆடத் தொடங்கும். காதுக்குக் கேட்காது. பாட்டே ஓடாதபோது ஐசி சுடும், அதுதான் அறிகுறி.

கிரவுண்ட் கம்பி

இங்கே நிதானமாகப் படியுங்கள்.

கிரவுண்ட் என்றால் எல்லா இடத்திலும் பூஜ்ஜியம் வோல்ட் என்று பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். நிஜத்தில் அதுவும் ஒரு செம்புக் கம்பி, அதற்கும் ஒரு மின்தடை உண்டு. இரண்டு 4700 கெப்பாசிட்டர்களையும் நடுவில் இணைக்கும் கம்பியின் சில அங்குலத்தில், ஒவ்வொரு நொடியும் 100 முறை, பல ஆம்பியர் மின்னோட்டம் துடித்துத் துடித்துப் பாய்கிறது. வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், இரண்டு பக்கமும் ரெக்டிஃபை செய்வதால் 100. அந்தக் கம்பியின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே சில மில்லிவோல்ட் எப்போதும் இருக்கும். உங்கள் இன்புட் கிரவுண்டை அந்த வழியில் எங்காவது ஒட்டினால், அந்த மில்லிவோல்ட்டும் பாட்டோடு சேர்ந்து 23 மடங்கு பெருகும். என் இரண்டு வாரத் தலைவலி இதுதான்.

இந்த ஐசி சப்ளையில் வரும் ஏற்ற இறக்கத்தைத் தானே நன்றாக அடக்கிவிடும். டேட்டாஷீட்டில் அதற்கு 94 டெசிபல் என்று போட்டிருக்கிறார்கள். அதனால் இரைச்சல் வந்ததும் 4700-ஐ 10,000 ஆக்குவது பெரும்பாலும் பலன் தராது. இன்னும் சொல்லப்போனால், கெப்பாசிட்டர் பெரிதாகும்போது அந்தத் துடிப்பு மின்னோட்டம் கூடும், தவறான இடத்தில் ஒட்டிய கிரவுண்ட் மேலும் சத்தம் போடும்.

செய்ய வேண்டியது இது. இரண்டு 4700-ன் நடுப் புள்ளியைத் தடித்த செம்புக் கம்பியால் இணையுங்கள், டிரான்ஸ்பார்மரின் நடுக் கம்பி அங்கே மட்டும் வரட்டும். அந்தத் தடித்த கம்பியின் நடுவிலிருந்து ஓர் அங்குல நீளத்தில் ஒரு கிளை எடுங்கள். அந்தக் கிளையின் நுனிதான் நட்சத்திரப் புள்ளி. துடிக்கும் மின்னோட்டம் கெப்பாசிட்டர்களோடு நின்றுவிடும், கிளைக்குள் வராது. இனி எல்லா கிரவுண்டும் அந்த நுனிக்குத் தனித்தனிக் கம்பியாக வர வேண்டும்.

ஸ்பீக்கரின் மைனஸ் போர்டுக்குப் போகாமல் நேராக நட்சத்திரத்துக்கு. 0.1, 100 மைக்ரோபாரட்கள், 0.22 ஆகியவற்றின் கிரவுண்ட் ஒன்றாகச் சேர்ந்து ஒரு கம்பி. இன்புட் 22 கிலோ ஓம், 220 பைக்கோபாரட், ஃபீட்பேக்கின் 47 மைக்ரோபாரட், இன்புட் ஷீல்டு ஆகியவை சேர்ந்து வேறொரு கம்பி. போர்டிலேயே இந்த இரண்டு கிரவுண்டையும் பிரித்து வையுங்கள், அவை நட்சத்திரத்தில் மட்டுமே சந்திக்க வேண்டும். நட்சத்திரத்திலிருந்து பெட்டியின் உலோகத்துக்கு ஒரே ஒரு கம்பி. ஆர்சிஏ சாக்கெட்டுகள் பெட்டியைத் தொடாதபடி பிளாஸ்டிக் வாஷரோடு மாட்டுங்கள். தொட்டால் பெட்டியின் வழியாக இரண்டாவது பாதை திறந்துவிடும்.

இரைச்சலைக் குறைக்க மூன்றாவது பின்னை வெட்டிவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யவே செய்யாதீர்கள். உள்ளே பேஸ் கம்பி கழன்று பெட்டியில் பட்டால், எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும். எர்த் இல்லாவிட்டால் வால்யூமைத் திருப்பும் கை போகும்.

சூடு

8 ஓம் ஸ்பீக்கருக்கு, மொத்தம் 44 வோல்ட் சப்ளையில், மிக மோசமான கட்டத்தில் ஒரு ஐசி 12 வாட் சூடாக்கும். அந்தக் கட்டம் முழு வால்யூமில் வருவதில்லை, நடு வால்யூமில் வருகிறது. சும்மா இருக்கும்போதே 70 மில்லிஆம்பியர் இழுக்கும், அது 3 வாட். ஆக 15. வெளிநாட்டு வரைபடங்கள் அறையின் வெப்பம் 25 டிகிரி என்று கணக்கிடுகின்றன. மே மாதத்து வேலூரிலோ மதுரையிலோ ஒரு மாடி அறையில் 40 என்று வைப்பதே நியாயம். சில்லு 150 டிகிரியைத் தாண்டக்கூடாது என்றால், 110 டிகிரி வித்தியாசத்தை 15-ஆல் வகுத்தால் வாட்டுக்கு 7.3 டிகிரி. ஐசியின் உடலுக்கே 3 போகும், மைக்காவுக்கு 1. மீதி 3.3. இது கடைசி எல்லை. அதை ஏறத்தாழ பாதியாகக் குறைத்து, சேனலுக்கு 1.5 முதல் 2 வரை உள்ள ஹீட் சிங்க் எடுங்கள். ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் சதுரமும் 3 சென்டிமீட்டர் உயரத் துடுப்புகளும் கொண்ட அலுமினியம். துடுப்புகள் செங்குத்தாக நிற்கட்டும், காற்று கீழிருந்து மேலே ஏறும்.

ஐசியின் முதுகு உலோகம் மைனஸ் சப்ளையோடு இணைந்தது. மைக்கா இல்லாமல் மாட்டினால் ஹீட் சிங்க், பெட்டி, கிரவுண்ட் என்று நேரடி ஷார்ட். மைக்காவின் இருபுறமும் மெல்லிய படலமாகப் பேஸ்ட், ஸ்குரூவுக்குப் பிளாஸ்டிக் புஷ். மாட்டியதும் மல்டிமீட்டரைக் கண்டினியூட்டியில் வைத்து, ஐசியின் முதுகுக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே சத்தம் வராததைப் பாருங்கள். துளையின் ஓரத்தில் ஒரு சிறு அலுமினியச் சீவல் இருந்தாலும் மைக்காவைக் குத்திவிடும்.

4 ஓம் ஸ்பீக்கர்? ஓடும், ஆனால் சூடு ஏறத்தாழ இரட்டிப்பாகும், உச்சத்தில் ஐசி தன் 4 ஆம்பியர் எல்லையில் முட்டும். இந்த ஆம்ப்புக்கு 8 ஓமே நல்லது.

உயிர் கொடுப்பது

ஸ்பீக்கர் இல்லாமல், இன்புட்டை கிரவுண்டோடு ஷார்ட் செய்துவிட்டு, ஒரு சேனலை மட்டும் இணையுங்கள். பிளஸ் கம்பியிலும் மைனஸ் கம்பியிலும் ஒரு 10 ஓம் அரை வாட் ரெசிஸ்டரைத் தொடரில் போடுங்கள். சீரிஸ் பல்பில் மாட்டி ஆன். பல்பு மங்க வேண்டும். ஒவ்வொரு 10 ஓமின் குறுக்கிலும் 0.7 வோல்ட் அளவு இருக்க வேண்டும், அது 70 மில்லிஆம்பியர். 1 வோல்ட் வரை பரவாயில்லை. பல வோல்ட் இருந்தால் அணையுங்கள்.

அடுத்து ஸ்பீக்கர் டெர்மினலில் டிசி அளங்கள். 20 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஐசியின் காலில் மீட்டர் முனையை வைத்து அளக்காதீர்கள். முனை வழுக்கி 4-ம் 5-ம் தொட்டால் அவ்வளவுதான். அவுட்புட்டில் 20 வோல்ட் நின்றால் ஃபீட்பேக் 22 கிலோ ஓம் எங்கோ விட்டுப்போயிருக்கிறது, அல்லது 1-ஆம் காலுக்கு கிரவுண்ட் போகவில்லை. அந்த நிலையில் ஸ்பீக்கரை மாட்டினால் சுருள் கருகிவிடும்.

எல்லாம் சரி என்றால் 10 ஓம்களை எடுத்துவிட்டு, ஒரு பழைய ஸ்பீக்கரை மாட்டுங்கள். நல்ல ஸ்பீக்கர் இன்னும் பெட்டியிலேயே இருக்கட்டும். வால்யூமைப் பூஜ்ஜியத்தில் வைத்து ஆன் செய்து காதை அருகில் கொண்டுபோங்கள். மிக மெல்லிய 'ஸ்ஸ்' தவிர ஒன்றும் கேட்கக்கூடாது. பிறகு பாட்டு. அப்புறம்தான் சீரிஸ் பல்பை எடுத்துவிட்டு நேரடி மின்சாரம், இரண்டாவது சேனல்.

டிரான்ஸ்பார்மருக்கு இப்போதுதான் துளை போடுங்கள், முன்பே வேண்டாம். ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது, 230 வோல்ட் இணைப்புகள் மூடியிருப்பதை உறுதி செய்துகொண்டு, டிரான்ஸ்பார்மரைப் பெட்டிக்குள் மெதுவாக நகர்த்தியும் திருப்பியும் பாருங்கள். சில கோணங்களில் இரைச்சல் கூடும், ஒரு கோணத்தில் அடங்கிவிடும். பென்சிலால் அங்கே குறித்துக்கொண்டு, அணைத்த பிறகு துளை போடுங்கள்.

இரைச்சல் வந்தால்

வால்யூமைக் குறைத்தாலும் மாறாத, 'ஸ்ர்ர்' என்று கரகரப்பான சத்தம் 100 ஹெர்ட்ஸ். கிரவுண்ட் தவறான புள்ளியில் இருக்கிறது. வழவழப்பான ஆழ்ந்த 'ம்ம்ம்' 50 ஹெர்ட்ஸ். இன்புட் கம்பி டிரான்ஸ்பார்மருக்கு அருகில் போகிறது, அல்லது ஷீல்டு விட்டிருக்கிறது. வால்யூமைத் திருப்பும்போது மட்டும் கூடினால் பிரச்சினை வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்னால் இருக்கிறது. அந்தக் கன்ட்ரோலின் உலோக உடலைப் பெட்டியோடு தொட வையுங்கள். இன்புட்டைக் கழற்றினால் அமைதி, கம்ப்யூட்டரை மாட்டினால் இரைச்சல் என்றால் எர்த் இரண்டு வழியாகச் சுற்றுகிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டிப் பாருங்கள், பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பாட்டு இல்லாதபோது ஹீட் சிங்க் வெதுவெதுப்பைத் தாண்டிச் சுட்டால் 0.1 மைக்ரோபாரட்களைக் கால்களுக்கு இன்னும் நெருக்கமாக வையுங்கள். அரை மணி நேரம் பாடிவிட்டு நின்று, தானே மறுபடி பாடினால் ஐசி தன்னைக் காத்துக்கொள்கிறது. ஹீட் சிங்கையும் பேஸ்டையும் பாருங்கள்.

விலையுயர்ந்த ஸ்பீக்கரை மாட்டும் முன் ஒரு ஸ்பீக்கர் புரொடெக்ஷன் போர்டு சேர்த்துவிடுங்கள். யுபிசி1237 ஐசியும் ஒரு ரிலேயும் கொண்டவை தயாராகவே கிடைக்கின்றன. ஆன் செய்ததும் சில நொடி கழித்து ரிலே 'டக்' என்று சேரும், அவுட்புட்டில் டிசி வந்தால் உடனே பிரிந்துவிடும். ஆன் செய்யும்போது வரும் 'டப்' சத்தமும் போய்விடும்.

பெட்டியை மூடும் முன் உள்ளே ஒரு காகிதம் ஒட்டுங்கள். தேதி, நீங்கள் அளந்த பிளஸ், மைனஸ் வோல்ட்டுகள், 70 மில்லிஆம்பியர், அவுட்புட் மில்லிவோல்ட். ஐந்து வருடம் கழித்து ஏதாவது கோளாறு வந்து திறக்கும்போது முதலில் தேடுவது அந்த எண்களைத்தான். என் இரண்டாவது ஆம்ப்பில் ஒட்டிய காகிதம் மஞ்சளாகிவிட்டது, ஆனால் அதில் இருக்கும் 8 மில்லிவோல்ட்டை இன்று அளந்தாலும் அதே 8 தான் வருகிறது.